நானூறு மீட்டர் வெயில்

நகராட்சி கொடுத்தது:
ஒரு துடைப்பம், மஞ்சள் மேலங்கி,
நானூறு மீட்டர் வெயில்.

வெயில் என்றுதான் எழுதினேன்
வேலைப் பதிவேட்டில், முதல் நாள்.
எழுத்தர் அதை அடித்துவிட்டுச் சாலை என்று திருத்தினாள்.
"கிஸ்லேன், உனக்குக் கூலி தூசிக்குத்தான்."

திறப்பு விழாவன்று பாரிசிலிருந்து வந்தவர்கள்
குனிந்து குனிந்து தொட்டுப் பார்த்தார்கள்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.
பிறகு குடைகளை விரித்துக்கொண்டார்கள்.
நார்மண்டி. கேட்க வேண்டுமா.

இலைதான் எனக்கு எதிரி.
ஓக் இலை ஒன்று எவ்வளவை மறைத்துவிடும்,
உள்ளங்கை அகலம்?
பொறியாளன் கெமெனேர் மண்டியிட்டுக் காட்டினான்:
உள்ளே செல்கள் கைகோத்து நிற்கின்றன,
ஒன்று கண் அயர்ந்தால்
அந்த வரிசையே கொட்டாவி விடும்.
அன்றிலிருந்து
தூங்கி எழுந்த கண்ணில் பீளை எடுப்பதுபோல்
ஒவ்வோர் இலையாக எடுத்தேன்.

ஃபிர்மேனின் டிராக்டர் பீட்ரூட் ஏற்றி வரும்.
சக்கரத்துக்கு ஒரு கூடை சேறு.
"உன் விளக்கை மிதித்துவிட்டேனா?" என்பான், நிறுத்தாமல்.
நிறுத்தினால் இன்னும் மோசம்:
மாலையில் அந்த வண்டியின் நிழல்
பதினேழு பலகை நீளம்.

திபோதோ அம்மாள் மனு எழுதினாள்.
கார் போனால் சாலை உறுமுகிறதாம்,
சீப்பின் பல்லை நகத்தால் வருடுவதுபோல், இரவெல்லாம்.
வேகத்தை எழுபதாகக் குறைத்தார்கள்.
உறுமல் பூனை அளவுக்கு இறங்கியது.

பள்ளிச் சுவரில் ஓர் எண்பலகை.
இன்று எத்தனை என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள்.
ஜூனில் எண் தாவித் தாவி ஏறும்.
டிசம்பரில் நகரவே யோசிக்கும்.
நான் மட்டும்
என் பங்கைக் கழித்துப் பார்ப்பேன்:
பெருக்கும்போது இந்த உடம்பு மறைத்தது எவ்வளவு?
குண்டான பெண் நான்.
பகலில் பெருக்குவதை விட்டேன்.
விடியுமுன் போனேன், நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு.
அந்தச் சிறு வெளிச்சத்தையும்
சாலை வாங்கிக்கொண்டதா என்று
யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் குளிர்காலத்தில் ஓரங்கள் எழும்பின,
நனைந்த அட்டைபோல.
ஒட்டிப் பார்த்தார்கள். இடுக்கில் தார் ஊற்றிப் பார்த்தார்கள்.
கெமெனேர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினான்.
கூரையில் போட்டிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள்,
அப்போதே சொன்னோம் என்றும் சொன்னார்கள்.

பெயர்க்கும் இயந்திரம் வந்த காலை
பன்னிரண்டு நாள் கழித்து வானம் திறந்திருந்தது.
முதல் நூறு மீட்டர் குப்பையான பிறகும்
மிச்சம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.
பள்ளிச் சுவரில் எண் ஏறியது, மூன்று, நான்கு,
பிள்ளைகள் வகுப்பில்.
இயந்திரத்துக்கு முன்னால் நான் பெருக்கிக்கொண்டே போனேன்.
ஓட்டிவந்த பையன் கண்ணாடியை இறக்கிக் கத்தினான்:
எதுக்கு?
பதில் சொல்ல நிற்க வேண்டும்.
நின்றால் நிழல் விழும்.

இப்போது தார். நல்ல தார், வழுவழுவென்று.
இலைகளை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும்.
ஆனாலும் வெயில் வந்தால்
ஓரப் புல்லில்தான் நடக்கிறேன்,
நிழலையும் புல் பக்கம் இழுத்துக்கொண்டு.
ஃபிர்மேன் பார்த்துவிட்டு ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.