எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு லாட்ஜ்

தாமோதரனுக்கு இருபத்தேழு வயது.
நான் முதன்முதலில் படித்தபோதும் இருபத்தேழு,
போன வாரம் படித்தபோதும் அதே.
எனக்கு அப்போது பத்தொன்பது.
எந்த வருஷம் அவனைத் தாண்டி வந்தேன் என்று
கவனிக்கவில்லை.
இப்போது நாற்பத்து நாலு,
இடது முட்டியில் நீர் கோத்திருக்கிறது.

அவன் நல்ல உயரம்.
நான் கவுன்ட்டருக்குப் பின்னால் பலகை போட்டு நிற்பவள்.
அவன் பெயரைக் கடற்கரையில் ஒருத்தி
மூன்று முறை சொல்லிப் பார்க்கிறாள்.
என் பெயர் பூங்காவனம்.
மால்டாவிலிருந்து வருகிறவர்கள்
‘பூங்கா’ வரைக்கும் சொல்லிவிட்டு
மூச்சு வாங்குகிறார்கள்.

அவனுக்குப் பசிப்பதே இல்லை.
நாவல் முழுக்க நாலு காபி, ஒரு ஆரஞ்சு.
எண்ணியிருக்கிறேன்.
எனக்குப் பதினொரு மணிக்கே கை நடுங்கும்,
டிபன் பாக்ஸில் இலவம்பாடி
முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு என்றால்
பத்தரைக்கே.

கோபம் வந்தால் அவன் மழையில் நடப்பான்.
வேலூரில் அதற்கு வசதி போதாது.
ஒரு சித்திரை வெயிலில்
பாபு ராவ் தெருவிலிருந்து கோட்டை அகழி வரை
கோபமாக நடந்து பார்த்தேன்.
பாதி வழியில் கரும்புச்சாறு குடித்தேன்.
போய்விட்டது.

ஒத்துப்போகிற இடமும் உண்டு.
இருவருக்கும் கடிதம் எழுதிக் கிழிக்கிற பழக்கம்.
இருவருக்கும் ராத்திரி தூக்கமில்லை.
அவனுக்கு விரக்தி,
எனக்கு இந்த மாதம் நைட் டூட்டி.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஊரைவிட்டுப் போகிறான்.
‘அன்றிரவு ஏதோ ஒரு விடுதியில் தங்கினான்.’
அவ்வளவுதான்,
அடுத்த வரியில் விடிந்துவிடுகிறது.
யார் சாவி கொடுத்தது, யார் பெட்ஷீட் மாற்றியது,
கொசுவத்தி கேட்டானா, கேட்டதற்குக் கிடைத்ததா,
எல்லாம் அந்த முற்றுப்புள்ளிக்குள் இருக்கிறது.
பதினாறு வருஷமாக
நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டில் காசோலையைக் கிழிப்பான்,
முதலாளி முகத்துக்கு நேரே, நாலு துண்டாக.
பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
பத்தொன்பது வயதுக் கோடு,
பின்பக்கம் வரை தடித்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, பதினாலாம் நம்பர் ரூம்.
ஷெஃபாலி மொண்டல்.
வெள்ளைத் துணி சுற்றிய புருஷனை
வண்டியில் வைத்துவிட்டுக் கணக்கு முடிக்க வந்தாள்.
ஒன்பது நாள் வாடகை பாக்கி.
தாமோதரன் பில்லைக் கிழித்திருப்பான்,
பேசியும் இருப்பான், ஒன்றரைப் பக்கம்.
நான் கேமராவுக்கு முதுகு காட்டி
லெட்ஜரில் 4ஆம் தேதியை 9 ஆக்கினேன்.
மேலே மூடினால் போதும்,
4 சொன்னபடி கேட்கும்.
மிச்சம் நாலு நாள் காசை
எண்ணித்தான் வாங்கினேன்.

ரூமைப் பார்த்துவிட்டுப் பையன் வந்து சொன்னான்:
பக்கெட் இருக்கு, மக் இல்லக்கா.
கேட்டுவிட்டேன்.
பதினாறு வருஷ வாய், தானாகக் கேட்டுவிட்டது.
அவள் பர்ஸைத் துழாவி
மூன்று பத்து ரூபாய்த் தாளை மேஜைமேல் வைத்தாள்.
வேண்டாம், எடுத்துக்கொள், தெரியாமல் கேட்டுவிட்டேன்
என்பதற்கெல்லாம் வங்காளத்தில்
எனக்கு வார்த்தை இல்லை.
தண்ணி வராது, சாவி கொடு,
பன்னிரண்டு மணிக்குள் காலி பண்ணு,
இவ்வளவுதான் தெரியும்.
வண்டி கிளம்பிவிட்டது.

தாமோதரா,
எப்படியும் ஒருநாள்
அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வருவாய்.
வா.
ஆதார் நகல் ரெண்டு, அட்வான்ஸ் முன்னூறு.
ரூம் மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது.
நனைந்த சட்டை காயப்போட
மொட்டைமாடியில் கயிறு கட்டியிருக்கிறது.
எவ்வளவு வேண்டுமானாலும் விரக்தியாக இரு,
லைட்டை மட்டும் அணைத்துவிடு.
காலையில் போகும்போது
மக் இருக்கிறதா என்று
நீயே ஒருமுறை பார்த்துச் சொல்லிவிடு.
என்னைக் கேட்க வைக்காதே.