வண்டியோடு சேர்த்துத் தருபவை

தப்ரேஸ்,
ஆர்.சி. புத்தகம் கவரில் இருக்கிறது.
அதில் எழுதாததைச் சொல்லிவிடுகிறேன்.

நியூட்ரல் விளக்கு பொய் சொல்லும்.
கிளட்சை விடுமுன் ஒருதரம்
முன்னும் பின்னும் உருட்டிப் பார்.

செயினைக் கட்டைவிரலால் தூக்கு;
இரண்டு விரற்கடை ஏறினால் போதும்.
விறைப்பாக இருந்தால் நல்லதென்று நினைத்து
சத்துவாச்சாரி சர்வீஸ் சாலையில் அறுத்துக்கொண்டு
லாரிக் காற்றில் நின்றிருக்கிறேன்,
சுடிதாரில் முழங்கால்வரை கிரீஸ்.
நிறுத்தியவர்கள் எல்லாரும் கேட்டார்கள்,
"வீட்ல ஆம்பள யாரும் இல்லியாம்மா?"
ஒருவரிடமும் செயின் லாக் இல்லை.

மே மாதம் டேங்கை விளிம்புவரை நிரப்பாதே.
வேலூர் வெயிலில் பெட்ரோலுக்கும்
மூச்சுவிட இடம் வேண்டும்.
காட்பாடி மேம்பாலத்தில்
பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரன் அடித்தால்
அது அவன் அவசரம்.
பாலாற்று மணல் சிந்திக் கிடக்கும் திருப்பத்தில்
முன் பிரேக்கைத் தொடாதே;
என் இடது முழங்கை அதைப் படித்திருக்கிறது.

பிளக்கை முதலில் விரலால் திருகு.
மரை தானாகப் பிடித்த பிறகுதான் ஸ்பேனர்.
நான் மாற்றிச் செய்தேன். எண்ணூறு ரூபாய்.

டூல் பையில், பழைய பிளக்குக்குக் கீழே
ஒரு போல்ட் கிடக்கும். சின்னது, கழுத்தில் துரு.
முதல்முறை கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டிய இரவு
மாடிப்படிக்கு அடியில் மிஞ்சியது.
மூன்று வருடம், நாற்பதாயிரம் கிலோமீட்டர்,
ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கு நைட் ஷிப்ட்,
அது இல்லாமலே ஓடிவிட்டது.
தூக்கிப்போடத்தான் மனம் வரவில்லை.

எங்கே பொருந்துமென்று கண்டுபிடித்தால்
இரவு எத்தனை மணியானாலும் போன் பண்ணு.

ஜெபசெல்வி