தோள்கவசம், ஏழாம் திருத்தம்

"நிறம் கூடிப்போச்சு. போர் என்றால் பழுப்பு."
நேற்றிரவு வந்த உங்கள் குறிப்பு.
பழுப்பென்று யார் சொன்னது, ரித்விக்?
துரு சொன்னது.
கண்ணாடிப் பெட்டிக்குள் மிஞ்சியது இரும்பு மட்டும்;
செவ்வரக்கையும் அவுரி முக்கிய பஞ்சுத் தையலையும்
பூச்சி தின்றுவிட்டது.

புளியரையில் மழை.
என் படைத்தலைவி கையை உயர்த்தினால்
தகடு கன்னத்துக்குள் புகுந்துவிடுகிறது.
ஆறு முறை வெட்டினேன்.
ஆறாவது அழகாகத்தான் இருந்தது,
வாள் வீச முடியவில்லை.
அப்போது பார்த்து கரண்டும் போனது.

குடையோடு சோதனைச்சாவடி வரை நடந்தேன்.
எஸ் வளைவில் லாரிகள் மூடுபனிக்குள் ஏறுகின்றன.
முதலில் நீலம் கரைகிறது,
பிறகு பச்சை.
சிவப்பு, பொழுது சாயச் சாயக் கறுத்துவிடுகிறது.
மஞ்சள் மட்டும் கடைசித் திருப்பம் வரை
இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்கிறது.

அச்சு முறிந்த ஒரு வண்டியிலிருந்து
சிமெண்ட் மூட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஆரியங்காவிலிருந்து வந்த வாசவன்,
சங்கத்து நீலச் சட்டை.
அது இல்லாமல் மூட்டையைத் தொட்டால் அடிதடியாம்.
இடது தோளில் மட்டும்
சாக்கை மடித்துத் தைத்த திண்டு.
வலதில் ஒன்றுமில்லை.
ஏன் என்றேன்.
"வலத்தேக் கைக்கு வேற ஜோலி உண்டல்லோ."

ஆகவே ஏழாம் திருத்தம்.
இடது தோளில் எட்டு மடிப்புப் பஞ்சு,
மேலே செவ்வரக்குப் பூசிய தோல்.
வலது தோளில் வெறும் துணி, மஞ்சள்:
பனியில் அவள் ஆட்கள் அவளைத் தேட வேண்டாமா?
மார்பில் நீங்கள் கேட்ட இரண்டு கிண்ணங்கள் இல்லை.
வழுக்கும் ஈட்டி
நேரே நடுநெஞ்சுக்குத்தான் வரும்.
பதிலாக ஓட்டுக்கூரை மாதிரி ஒரு முகடு,
இருபுறமும் வழியட்டும்.
இடுப்புக் கயிறு ஒரே கையால் அவிழும்.
காரணம் கேட்காதீர்கள்,
நாள் முழுக்கக் குதிரைமேல் இருப்பவள்.

அட்டைப்பெட்டியில் வெட்டி
நானே கட்டிக்கொண்டு பார்த்தேன்.
கை போனது, காதைத் தாண்டி,
மின்விசிறி வரை.

கேபிள் பாக்கி கேட்க வந்தவர்
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"என்ன ஜுனைதா, படை எந்தப் பக்கம்?"
எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும்
ஆள் தெரியணும் அண்ணே, என்றேன்.
பாக்கியை மறந்துவிட்டுப் போனார்.

கோப்பு இணைத்திருக்கிறேன்.
உங்கள் பழுப்பு அடுக்கை அழிக்கவில்லை,
மறைத்து வைத்திருக்கிறேன்.