யானைமலைக்கு இந்தப் பக்கம்

என் முதல் மொழிபெயர்ப்பு
மூன்றே சொல்:
‘தவறினால் இணைப்புத் துண்டிக்கப்படும்.’
மின்வாரியம் அதை லட்சக்கணக்கில் அச்சிட்டது.
அதற்குப் பிறகு எழுதிய எதுவும்
முந்நூறு பிரதி தாண்டவில்லை.

ஓய்வு பெற்று ஒன்பது வருடம்.
ஒத்தக்கடையில் மாடி வீடு,
சன்னலைத் திறந்தால் யானைமலையின் முதுகு.
காலையில் சமஸ்கிருதம்:
ஆன்மா உண்டு என்று எழுதுகிறேன்.
சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து
நான்கு மணிக்குப் பாலி:
ஆன்மா இல்லை என்று எழுதுகிறேன்.
இரண்டுக்கும் ஒரே பேனா.
எதற்கு மை அதிகம் போகிறது என்று
ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தேன்,
கணக்கர் புத்தி.
இல்லை என்பதற்குத்தான் செலவு கூடுதல்.

இந்த ஊருக்கு இது பழைய வழக்கு.
ஏட்டை நெருப்பில் போட்டு
எது நிசம் என்று பார்த்த ஊர்.
ஆற்றில் விட்டு
எது எதிரேறுகிறது என்று கரையில் நின்ற ஊர்.
தோற்றவர் ஏட்டில் என்ன எழுதியிருந்தது?
யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.
பஸ் வைகைப் பாலத்தில் ஏறும்போதெல்லாம்
கைப்பிரதிப் பையை மடியில் இறுக்கிக்கொள்கிறேன்,
கீழே தண்ணீர் கிடையாது என்று தெரிந்தும்.

எதிரே இருக்கும் இந்த மலைகூட
சமணர் ஏவிவிட்ட யானையாம்,
பாதி வழியில் கல்லாகிப் படுத்துவிட்டதாம்.
நானும் பதினாறு நாளாக
ஒரு சொல்லில் அப்படிப் படுத்திருக்கிறேன்.

‘நிர்வாணம்’ என்று அப்படியே விட்டால்
டைப் அடிக்கும் பையன் ஆரோக்கியம்
கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல் சிரிக்கிறான்.
‘வீடு’ நல்ல தமிழ், பழந்தமிழ்.
ஆனால் அவர் வீட்டை விட்டு வந்தவர்.
வீட்டை விட்டவர் வீடு அடைந்தார் என்றால்
போன மச்சான் திரும்பி வந்த கதை.
‘அணைந்தார்’ என்றால்
யாரை என்று கேட்கிறது மொழி.
‘அவிந்தார்’ என்று எழுதி முடிக்குமுன்
கீழ்வீட்டில் இட்லிப்பானையைத் திறக்கிறார்கள்,
ஆவி மாடிவரை வருகிறது.

மகள் பிரசவத்துக்கு ஓசூர் போயிருக்கும்
செண்பகவல்லி தினமும் போனில் கேட்கிறாள்,
‘அந்த வார்த்தை கெடச்சிருச்சா?’
சிலிண்டர் வந்துருச்சா என்று கேட்கும் அதே குரலில்.
இல்லை என்கிறேன்.
பதிவு பண்ணியாச்சுல்ல, வரும் என்கிறாள்.

செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்குக் கரண்டு போனது.
என் பழைய அலுவலகம், திட்ட முடியாது.
கீழே விளக்கோடு ஏதோ விளையாட்டு.
சோலையம்மாள் மகனை அதட்டுகிறாள்:
‘வாயால ஊதாதடா.
பூவ வச்சுக் குளிர வையி.’

குளிர வையி.

பாலியும் அதைத்தான் சொல்கிறது.
தீ ஓய்ந்தவனை
அங்கேயும் குளிர்ந்தவன் என்பார்கள்.
நூறு முறை கடந்து போன பக்கம் அது.
என் தெருவில் தினமும்
ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு
யாரோ ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இருட்டில் தாளைத் தடவிக் கண்டுபிடித்து
‘குளிர்ந்தார்’ என்று எழுதினேன்.
கோடு தாண்டி, கோணலாக.
பதிப்பாளர் சொல்வார்,
ஏசி போட்ட மாதிரி இருக்கே சார் என்று.
சொல்லட்டும்.

அப்போதுதான் கரண்டு வந்தது.
ஓவென்று கத்தினார்கள் தெருப் பிள்ளைகள்.
நிறுத்த மறந்த மின்விசிறி
மேசைமேல் இருந்த இரண்டு கட்டுகளையும்
வாரி இறைத்தது.
பக்க எண் போடும் வழக்கம் எனக்கு இல்லை.
கட்டிலடியில் கொஞ்சம் உண்டு,
குடத்தின்மேல் நனைந்தபடி இல்லை,
மீதி எதெது என்று கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை.

பொறுக்கக் குனிந்தபோது
ஒரு தாளை மிதித்துவிட்டேன்.
எந்தக் கட்டு என்று பார்க்கவில்லை.
எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.