பதினான்கு ஊசி

மார்பைத் திறக்க முடியாது என்றார்கள்.
கல்லீரல் காய்ந்துவிட்டது,
ரத்தம் உறையச் சோம்பும்.

ஹிரோசாகியில் முப்பது குளிர்காலம்
பனி வழிக்கும் வண்டி ஓட்டிய நருமி
யாரும் கேட்காமலே சொன்னார்:
"தார் கிழியக்கூடாது.
சாக்கடை மூடி பனிக்கடியில் கிடக்கும்.
அங்கே மட்டும் தகட்டை
விரலளவு தூக்கணும்."
மருத்துவர் சுகவாரா தலையசைத்தாள்.

அயோடின் தெளித்தோம்.
உணவுக்குழாய் முழுக்கப் பழுப்பேற
நிறம் ஏற்காமல் நின்றது ஓரிடம்.
அதனடியில் உப்புநீர் ஏற்றி
உப்பவைத்து,
புடைத்த நீல நரம்புகளுக்கு மேலாக
ஊர்ந்தது
நகக்கண் அளவு கத்தி.
ஒருமுறை திரை சிவந்தது.
இடுக்கியை நீட்டினேன்.
மூன்று நிமிடம்
அறையில் எவரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

பிறகு என் வேலை.
எடுத்த சவ்வு சுருளுமுன்
ரப்பர் பலகையில் விரித்து
சுற்றிலும் ஊசி குத்துவது.
பதினான்கு.

விழித்ததும் பார்க்கணும் என்றார்.
படத்தைக் காட்டினேன்.
"இவ்வளவுதானா"
ஏமாந்தவர் போல.

வெள்ளிக்கிழமை தாள் வந்தது:
ஓரங்கள் சுத்தம்.
கல்லீரல் பற்றி அதில் ஒன்றுமில்லை.
ஜன்னலுக்கு வெளியே
வண்டியொன்று பனி வழித்துப் போனது.
கஞ்சிக் கரண்டியை நிறுத்திக்
காதைச் சாய்த்தார்.
"தகடு ரொம்பத் தாழ்ந்திருக்கு."