பச்சை தீர்ந்த பிறகு

பதினேழாம் திகதி பச்சை தீர்ந்தது.
குழாயைப் பிளேடால் பிளந்து
உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்தாயிற்று.
பண்டாரவளைக்குப் போய் வாங்க
சம்பளம் வரவேண்டும்.

பிஸ்கட் பெட்டி அட்டை. இரண்டு உள்ளங்கை அகலம்.
அதில் பாதி ஒஹியாக் காடு.
மீதி மரங்களுக்குக் கிடைத்தது
காவி, மஞ்சள், கொஞ்சம் சிவப்பு.
தூரிகையும் முடி கொட்டியது, விரலால் இழுத்தேன்.
இலைகள் பற்றிக்கொண்டன.
இவ்வளவு எரிந்தால்
எங்கிருந்தோ வெளிச்சம் வரவேண்டுமே என்று
தண்டவாளத்துக்குப் பின்னால்
பெருவிரலால் ஓர் அழுத்து:
சூரியன் இறங்கிவிட்டது.

பிரேம் போடும் ஜெகதா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இலையுதிர்காலம். கனடாவா?"
அவளுடைய அண்ணன் அங்கேதான்.
ஒஹியா என்றேன்.
"இங்க உதிர்றது மண்மேடு மட்டுந்தானே அக்கா"
என்று சொல்லிவிட்டு
சிரிப்பை அவளே நிறுத்திக்கொண்டாள்.
கண்ணாடிக்குத் தனியாக அறுநூறு.
கண்ணாடி வேண்டாம் என்றேன்.

போன சனிக்கிழமை பதுளை ரயில்
பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்தை விட்டு வெளிவந்தபோது
கீன மரங்கள் உச்சிவரை சிவந்து நின்றன,
சாய்ந்த வெயிலில்,
நான் விரலால் இழுத்த அதே அலங்கோலத்தில்.
பழுத்ததில்லை ஒன்றும்.
அத்தனையும் தளிர்.
பிறந்து ஒரு வாரம் இருக்கும்.

பெட்டியில் யாரோ கடலைச் சுருள் பிரித்தார்கள்.
அடுத்த வளைவில் மூடுபனி.

ஜெகதாவிடம் இன்னும் சொல்லவில்லை.
பச்சை வாங்கி வைத்திருக்கிறேன்.
மூடி திறக்கவில்லை.