இருநூற்றுப் பதின்மூன்று

நவம்பர் மாதம். ஓர்க்னியின் வடகோடியில்
ஆளில்லாத ஒரு தீவு.
சீல் குட்டிகளை எண்ணுவது என் வேலை.
கட்டைவிரலடியில் எண்ணும் கருவி,
குட்டிக்கு ஒரு டிக்.
இருநூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு.
பதின்மூன்றாவது அழுதது.

மனிதக் குழந்தையின் அதே அழுகை, அதே இழுப்பு,
மூச்சு முட்டி நின்று மறுபடி தொடங்கும் அதே இடம்.
அது மாரென் இல்லை, தெரியும் எனக்கு.
மாரென் கிர்க்வாலில் இருக்கிறாள்,
அப்பாவின் தோளில், புட்டியைத் தட்டிவிட்டபடி.
எனக்குத் தெரிந்தது
மாருக்குத் தெரியவில்லை.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி,
காது சொன்னதை அப்படியே நம்பி
ரத்தத்தில் ஆள் அனுப்பிவிட்டது.
உள்ளே குலைகுலையாய்த் தொங்கும் பைகள்,
ஒவ்வொன்றையும் வலைபோல் பின்னிய தசை,
அத்தனையும் ஒரே சமயத்தில் கைமூடின.
ஊசிகள். ஊசிகள். எல்லாம் நுனியை நோக்கி.
நாக்கு வறண்டது.
மழைச்சட்டைக்குள், கம்பளிக்குள்
இரண்டு வட்டங்கள் சூடாய் விரிந்து
அரை நிமிஷத்தில் சில்லிட்டன.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், சரி.
யார் பிள்ளை என்று
யாரும் சொல்லி வைக்கவில்லையே.

நேற்று ராத்திரி கூடாரத்தில் நான் குறட்டை விட்டபோதும்
அந்தச் செல்கள் கண்மூடவில்லை.
ஓட்ஸ் கஞ்சியும் உப்புமீனும் ரத்தமாகி வந்ததில்
இனிப்புக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்து,
கொழுப்பை உருட்டி,
தம் மேல்தோலிலேயே கொஞ்சம் கிழித்துப் போர்த்தி
வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.
நிரம்பினால் கை தளரும். வடித்தால் வேகம் பிடிக்கும்.
என் வங்கிக் கணக்கை
இவர்களிடம் கொடுத்திருக்கலாம்.

அதற்குள் தாய் வந்துவிட்டாள்.
அலையிலிருந்து வயிற்றால் இழுத்து இழுத்து,
குட்டியின் மூக்கை முகர்ந்து, ஒருக்களித்துச் சரிந்தாள்.
அவள் பால் பாதிக்குமேல் கொழுப்பு,
என்னுடையது அதற்கு முன் கழுநீர்.
பதினெட்டு நாள்போல ஒரு மீனும் தின்னாமல்
தன்னையே கரைத்து ஊட்டுவாள்,
பிறகு ஒரு காலை கடலில் இறங்கிப் போய்விடுவாள்.
பதினெட்டாம் நாள் எனக்குத் தையல்கூட ஆறவில்லை.
நான் அவளைக் குறை சொல்லவில்லை.
பொறாமை என்றும் சொல்லமாட்டேன்.

பம்பில் பேட்டரி செத்திருந்தது.
எர்லெண்ட் என் சட்டையைப் பார்த்தான்,
உடனே கடலைப் பார்த்தான்,
"வடக்குப் பக்கம் நான் எண்ணுறேன்" என்று
தெற்குப் பக்கம் நடந்தான்.

கற்சுவர் மறைவில் குந்தி உட்கார்ந்தேன்.
விரலை விலா எலும்பு நோக்கி அழுத்தி,
முன்னால் உருட்டி, விட்டு, மறுபடி.
வரவில்லை.
குட்டிக்காக இறங்கியது கைக்கு இறங்க மறுத்தது.
கண்ணை மூடி மாரெனின் உச்சந்தலையை நினைத்தேன்,
அந்த லேசான புளித்த வாசனை.
வந்தது. முதலில் நீலம் கலந்த தண்ணீர்போல்,
கடைசியில் கனத்து, வெண்ணெய் மஞ்சளில்.
ஃபிளாஸ்க் மூடி முக்கால் நிறைந்தது.

அதைக் கல்லிடுக்கில் வைத்து மேலே ஒரு சப்பைக்கல்.
குளிர் நாலு டிகிரி.
படகு நாளைக்கு, காற்று விட்டால்.

எர்லெண்ட் திரும்பி வந்து எத்தனை என்றான்.
இருநூற்றுப் பதின்மூன்று என்றேன்.
கருவியில்
பதினான்கு இருந்தது.